டைட்டனில் காது வைத்த கதை: ஹைகன்ஸ் ஆய்வுக்கலத்தின் ஒலிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கோளின் மிகப் பெரிய துணைக்கோள் டைட்டன். 2005 ஜனவரி 14 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் அங்கே பாராசூட்டில் தொங்கியபடி இறங்கியது. (தேதியை நினைவில் வைப்பது எளிது, அன்று நமக்குப் பொங்கல்.) அந்தக் கலத்தில் ஒரு மைக் இருந்தது. இறங்கும்போது அது பிடித்த ஒலியைச் சுமார் ஒரு நிமிடத் துண்டாக வெளியிட்டார்கள். அதை முதல்முறை கேட்கிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

விண்வெளியில் ஒலியே கிடையாது என்று படித்தோமே?

படித்தது சரிதான். ஒலி பயணிக்க ஒரு பொருள் வேண்டும். காற்றோ நீரோ பாறையோ ஏதாவது ஒன்று. கோள்களுக்கு நடுவில் உள்ள வெளியில் அப்படி எதுவும் போதுமான அளவு இல்லை. ஆனால் டைட்டன் வெறும் வெளி அல்ல. நம் சூரியக் குடும்பத்தில் அடர்த்தியான வளிமண்டலம் உள்ள ஒரே துணைக்கோள் அதுதான். தரைமட்டத்தில் காற்றழுத்தம் பூமியில் உள்ளதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதோடு குளிர் −179 டிகிரி செல்சியஸ் என்பதால் அந்தக் காற்று இன்னும் நெருக்கமாகச் சுருங்கி, அடர்த்தியில் நம் காற்றைப் போல சுமார் 4 மடங்கு இருக்கிறது. நம் நிலவில் காற்று இல்லை, அங்கே மைக் வைத்தால் எதுவும் கேட்காது. நில அதிர்வுமானி வைத்துத் தரையின் நடுக்கத்தை அளக்கலாம், சந்திரயான்-3 அதைத்தான் செய்தது. டைட்டனில் ஒலி தாராளமாகப் பயணிக்கும். சொல்லப்போனால் பூமிக்கு வெளியே காது வைத்துக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

யார் அனுப்பினார்கள், எப்படிப் போனது?

நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை, இத்தாலிய விண்வெளி முகமை மூன்றும் சேர்ந்து அனுப்பிய பயணம். 1997 அக்டோபர் 15 அன்று கிளம்பி, 7 ஆண்டுகள் பயணம் செய்து 2004 நடுவில் சனியை அடைந்தது. தாய்க்கலத்தின் பெயர் காசினி. ஹைகன்ஸ் அதன் பக்கவாட்டில் ஒட்டியபடியே போனது. 2004 டிசம்பர் 25 அன்று பிரிந்து, 20 நாள் தனியாகப் போய் டைட்டனை அடைந்தது. 1655-இல் டைட்டனைக் கண்டுபிடித்த டச்சு வானியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸின் பெயர்தான் கலத்துக்கும்.

மைக்கை எதற்காக வைத்தார்கள்? சும்மா ஆர்வத்துக்கா?

இடியைக் கேட்கத்தான். டைட்டனில் மேகம் உண்டு, மழை உண்டு (தண்ணீர் மழை இல்லை, மீத்தேன் மழை), அப்படியானால் மின்னலும் இருக்குமோ என்று பல காலமாகவே ஒரு கேள்வி இருந்தது. மின்னல் இருந்தால் நைட்ரஜனும் மீத்தேனும் உடைந்து சிக்கலான கரிமச் சேர்மங்கள் உருவாக வழி கிடைக்கும். உயிர் தோன்றுவதற்கு முன்பு பூமியில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். அதனால் மின்னலின் மின்புலத்தைப் பிடிக்க உணரிகளும், அதன் இடியைப் பிடிக்க மைக்கும் ஒரே கருவித் தொகுப்பில் சேர்த்து வைத்தார்கள். வளிமண்டலத்தின் வெப்பம், அழுத்தம், கலத்தின் முடுக்கம் எல்லாம் அளந்த தொகுப்பு அது. தலைமை ஆய்வாளர் மார்ச்செல்லோ ஃபுல்கிஞோனி.

இடி கேட்டதா?

இல்லை. பிறகு காசினி 100 தடவைக்கு மேல் டைட்டனை நெருங்கிக் கடந்தும் மின்னலுக்கான உறுதியான தடயம் கிடைக்கவில்லை. மைக் வீண் என்று இதற்குப் பொருள் கிடையாது, இடி இல்லை என்பதும் ஒரு விடைதான்.

அப்படியானால் அந்த ஒரு நிமிடத்தில் கேட்பது என்ன?

காற்று. ஓடும் பேருந்தின் ஜன்னலில் தலையை வைத்தால் காதில் அடிக்குமே ஓர் இரைச்சல், அந்த மாதிரி. பாராசூட்டில் தொங்கி ஆடிக்கொண்டே ஒரு கலம் அடர்ந்த காற்றைக் கிழித்து இறங்கும்போது அதன் உடம்பைச் சுற்றி எழும் சத்தம். இசை இல்லை, மர்மமான ஓலம் இல்லை. முதல்முறை கேட்கிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போகிறார்கள். ஆனால் சுமார் 120 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், மனிதர் யாரும் பார்த்திராத ஒரு வானத்தில் வீசிய காற்று அது என்று தெரிந்துகொண்டு இன்னொரு தடவை கேளுங்கள். எனக்கு இன்றும் அந்த இரண்டாவது தடவைதான் புல்லரிக்கிறது.

அது நேரடி ஒலிப்பதிவா? உண்மையைச் சொல்லுங்கள்.

நேரடிப் பதிவு அல்ல, மறு உருவாக்கம். ஆனால் போலி இல்லை. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹைகன்ஸ் தன் தரவுகளைக் காசினிக்கு அனுப்ப இரண்டு ரேடியோ வழிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நொடிக்கு சுமார் 8,000 பிட்தான் போகும். ஒரு சாதாரண இசைக் குறுந்தகட்டின் ஒலிக்கு நொடிக்கு 14 லட்சம் பிட் வேண்டும். அந்த 8,000-ஐயும் 6 கருவிகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அதில் படம் எடுக்கும் கருவியும் அடக்கம். ஆகவே மைக் கேட்டதை அப்படியே அனுப்ப வழியே கிடையாது. கலத்திலேயே ஒலியைப் பகுத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு இருந்தது என்ற கணக்கை மட்டும் அனுப்பினார்கள். பழைய டேப்ரெக்கார்டரில் பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும் விளக்குப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கப் பட்டை தாழ்ந்த ஒலி, வலப்பக்கம் உயர்ந்த ஒலி. அந்தப் பட்டைகளின் உயரங்கள் மட்டும் ஒரு தாளில் எழுதி வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பூமியில் இருந்தவர்கள் அந்த உயரங்களை வைத்து, அதே அதிர்வெண்களில் அதே வலு கொண்ட ஓர் ஒலியைத் திரும்பக் கட்டினார்கள். இறங்கும்போது வெவ்வேறு நேரங்களில் எடுத்த துண்டுகளை இணைத்து ஒரு நிமிடம் ஆக்கினார்கள். ஒரு பாட்டை இப்படித் திரும்பக் கட்டவே முடியாது, அதன் நுணுக்கமெல்லாம் போய்விடும். காற்றின் இரைச்சலுக்கு மட்டும் இந்த முறை நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் இரைச்சலில் எந்த அதிர்வெண் எவ்வளவு என்பதுதான் முக்கால்வாசி விஷயம்.

இன்னொரு ஒலியும் இருக்கிறதே, கீ... என்று ஏறிக்கொண்டே போகிறது. அது?

அது மைக்கில் வந்ததே கிடையாது. ரேடார் உயரமானியின் எதிரொலிகளைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றிய துண்டு. ரேடார் அலை ரேடியோ அலை, ஒலி இல்லை. தரை நெருங்க நெருங்கச் சுருதியும் வலுவும் ஏறும்படி மாற்றியிருக்கிறார்கள். கேட்க ரொம்ப நன்றாக இருக்கும், தரை நம்மை நோக்கி வருவது போலவே இருக்கும். ஆனால் டைட்டனில் நின்றிருந்தால் அந்த ஒலி உங்கள் காதில் விழாது. "சனிக்கோளின் பயங்கரச் சத்தம்" என்று சுற்றும் துண்டுகளும் இந்த வகைதான்: சனியின் ரேடியோ அலைகளைக் காசினி பிடித்தது, அதைச் சுருதி இறக்கி ஒலியாக மாற்றினார்கள். இப்படி மாற்றுவதில் தவறு எதுவும் இல்லை, விஞ்ஞானிகளுக்கே அது பயன்படுகிறது. எது காற்றில் வந்த ஒலி, எது மாற்றிய தரவு என்பதைச் சொல்லாமல் பகிர்வதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

மைக்கைத் தவிர வேறு ஒலிக் கருவி இருந்ததா?

இருந்தது, என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் அழகான சோதனை. பிரிட்டனின் ஓப்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சர்னெக்கி தலைமையில் செய்த தரை ஆய்வுத் தொகுப்பில் இரண்டு ஒலிக் கருவிகள் இருந்தன.

முதலாவது, எதிரெதிராக வைத்த இரண்டு உணரிகள். ஒன்று மீயொலியை விடும், மற்றது வாங்கும், பிறகு மாற்றி. இடைவெளி ஒரு சாண் கூட இல்லை. ஒலி அதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் அங்கே ஒலியின் வேகம் தெரிந்துவிடும். தரைக்கு மேலே 11 கிலோமீட்டரில் தொடங்கித் தரை வரைக்கும் இந்த அளவு கிடைத்தது. வேகத்தை மட்டும் வைத்து என்ன செய்வது என்று தோன்றும். ஒரு வாயுவில் ஒலியின் வேகம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு சூடு, மூலக்கூறுகள் எவ்வளவு கனம். வெப்பத்தை வேறு கருவி அளந்துவிட்டது. மிச்சம் கனம்தான். நைட்ரஜன் மூலக்கூறின் எடை 28, மீத்தேனுடையது 16. ஆகவே ஒலி எதிர்பார்த்ததைவிட எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தால், காற்றில் எவ்வளவு மீத்தேன் கலந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்! தரைக்கு அருகே அது ஏறக்குறைய 5 சதவீதம். வாயுக்களை நேரடியாகப் பகுத்த கருவியும் அந்த அளவைத்தான் சொன்னது.

இரண்டாவது ஒரு சோனார். மீன்பிடிப் படகில் ஆழம் பார்க்க வைத்திருப்பார்களே, அதே தத்துவம். கடைசி 90 மீட்டரில் கீழே ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டது, கீழே தரை பெரிய மேடு பள்ளம் இல்லாமல் இருப்பதைக் காட்டியது. கலம் மீத்தேன் ஏரியிலோ கடலிலோ விழுந்திருந்தால் இதே கருவி ஆழத்தையும் அளந்திருக்கும். கிளம்பும்போது கீழே திடமா திரவமா என்பதே யாருக்கும் தெரியாது, இரண்டுக்கும் தயாராகத்தான் அனுப்பினார்கள்.

டைட்டனில் ஒலியின் வேகம் எவ்வளவு?

தரைமட்டத்தில் நொடிக்கு சுமார் 195 மீட்டர். இங்கே அறை வெப்பத்தில் 343. ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏதாவது வெடித்தால் இங்கே 3 நொடியில் கேட்கும், அங்கே 5 நொடி ஆகும். குளிர்தான் முக்கியக் காரணம்.

ஆனால் மெதுவாகப் போகிறது என்பதற்காக மங்கலாகக் கேட்கும் என்று நினைக்காதீர்கள். காற்று அடர்த்தியாக இருப்பதால், அதிரும் பொருள் இங்கே அதிரும் அதே அளவு அங்கே அதிர்ந்தால், உண்டாகும் ஒலியழுத்தம் இங்கே உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். செவ்வாயில் கதை நேர் எதிர்: காற்று மெலிவு, கரியமில வாயு உயர்ந்த ஒலிகளை விழுங்கிவிடும்.

அங்கே பேசினால் என் குரல் எப்படி இருக்கும்?

பேசவே முடியாது, மூச்சு விட ஆக்சிஜன் இல்லை, குளிரில் நுரையீரல் உறைந்துவிடும். கற்பனைக்கு வைத்துக்கொள்வோம். ஹீலியம் பலூனை உறிஞ்சிவிட்டுப் பேசினால் குரல் கீச்சென்று ஆகிறதல்லவா? ஹீலியத்தில் ஒலியின் வேகம் அதிகம் என்பதால் வாய்க்குள் எதிரொலிக்கும் அதிர்வெண்கள் ஏறிவிடும். டைட்டனில் வேகம் குறைவு, ஆகவே அவை இறங்கி, குரல் கனத்துப் போகும். புல்லாங்குழல் வாசித்தாலும் இதே கதை: குழலின் சுருதி குழலுக்குள் ஒலி ஓடும் வேகத்தைப் பொறுத்தது, எனவே அதே குழல் கிட்டத்தட்ட 10 அரைச்சுரம் கீழே ஒலிக்கும். வீணைக்கு அவ்வளவு மாற்றம் வராது. தந்தியின் சுருதி அதன் இழுவிசையிலும் எடையிலும்தான் இருக்கிறது. (அந்தக் குளிரில் தந்தி என்ன ஆகும் என்பது வேறு பிரச்சினை.) பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டிம் லைட்டன் குழுவினர் இதையெல்லாம் கணக்கிட்டு ஒலியாகவே செய்து காட்டியிருக்கிறார்கள், மீத்தேன் அருவி விழுந்தால் எப்படிக் கேட்கும் என்பதைக் கலம் இறங்குவதற்கு முன்பே செய்துவிட்டார்கள்.

மழை பெய்தால்?

மெதுவாகப் பெய்யும். ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்குதான், காற்றோ அடர்த்தி. துளிகள் இங்குள்ளதைவிடப் பெரிதாக, நொடிக்கு ஒன்றரை மீட்டர் அளவில், ஏறக்குறைய மனிதன் நடக்கும் வேகத்தில் இறங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தகரக் கூரையில் இங்கே கேட்கும் படபடப்பு அங்கே இருக்காது.

தரை தொட்டபோது சத்தம் கேட்டதா?

தரை தொட்ட வேகம் நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர். ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து இங்கே குதித்தால் வரும் வேகம்தான். அந்த நேரத்தைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரிந்தது மைக்கால் அல்ல, முடுக்கமானிகளாலும் கலத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன ஊடுருவல் உணரியாலும்தான். பல ஆண்டுகள் கழித்து அந்தத் தரவுகளைத் திரும்பப் பார்த்தவர்கள் சொன்னது: கலம் 12 சென்டிமீட்டர் பள்ளம் போட்டது, எம்பி, 30–40 சென்டிமீட்டர் வழுக்கி, சில தடவை ஆடி, 10 நொடிக்குள் நின்றது. ஈரமணல் மாதிரித் தரை, சுற்றிலும் உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள். அந்தக் கற்கள் பாறை அல்ல, கல்லைப் போல் இறுகிப்போன பனிக்கட்டி.

தரவு வந்து சேர்ந்ததே அதிர்ஷ்டம் என்கிறார்களே?

பாதி அதிர்ஷ்டம், பாதி ஒருவரின் பிடிவாதம். 2000-ஆம் ஆண்டு, கலம் வழியில் போய்க்கொண்டிருந்தபோது, ஐரோப்பிய முகமையின் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ் ஒரு சோதனையை வற்புறுத்திச் செய்ய வைத்தார். ஹைகன்ஸ் அனுப்புவது போன்ற சைகையைப் பூமியிலிருந்து காசினிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது சைரனின் சுருதி மாறுகிறதே, அந்த டாப்ளர் மாற்றம் ரேடியோவிலும் உண்டு. ஹைகன்ஸும் காசினியும் ஒன்றையொன்று நோக்கி அவ்வளவு வேகத்தில் நெருங்கும்போது வரும் மாற்றத்தைக் காசினியின் ரேடியோவாங்கி தாங்காது, தரவில் பெரும்பகுதி குப்பையாகிவிடும் என்று தெரிந்தது. கலம் ஏற்கெனவே விண்வெளியில் இருக்கிறது, கருவியை மாற்ற முடியாது. பாதையை மாற்றினார்கள்: காசினி டைட்டனை விட்டுச் சுமார் 60,000 கிலோமீட்டர் தள்ளிக் கடக்கும்படி வைத்தார்கள், நெருங்கும் வேகம் குறைந்தது, பிரச்சினை தீர்ந்தது. அந்தச் சோதனை மட்டும் நடக்காமல் போயிருந்தால் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் எதிலும் பெரும்பகுதி இருந்திருக்காது.

அப்படியும் ஒரு தவறு நடந்தது. காசினிக்கு அனுப்பிய கட்டளைகளில் ஒன்று விடுபட்டதால், இரண்டு ரேடியோ வழிகளில் ஒன்றின் வாங்கி இயங்கவே இல்லை. சுமார் 350 படங்கள் போயின. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனையின் தரவும் போனது. அதைப் பூமியில் இருந்த ரேடியோ தொலைநோக்கிகள் காப்பாற்றின. ஹைகன்ஸின் சைகை வெறும் 10 வாட், ஒரு எல்இடி பல்பு அளவு. அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கி அதை நேராகப் பிடித்தது, பிறகு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸும் பிடித்தது. அதில் இருந்த டாப்ளர் மாற்றத்தை வைத்துக் காற்றின் வேகத்தைத் திரும்ப எடுத்தார்கள்.

எவ்வளவு நேரம் வேலை செய்தது?

இறங்க ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். தரையிலிருந்து காசினிக்கு 72 நிமிடம் தரவு வந்தது. பிறகு காசினி அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. கலமோ மேலும் பேசிக்கொண்டே இருந்ததைப் பூமியின் தொலைநோக்கிகள் கேட்டன, தரையில் மொத்தம் 3 மணி நேரத்துக்கு மேல்.

வேற்றுலகில் வைத்த முதல் மைக் இதுதானா?

இல்லை. சோவியத் நாட்டின் வெனெரா 13, 14 கலங்கள் 1982-இல் வெள்ளியில் காற்றையும் தாங்கள் துளை போடும் சத்தத்தையும் பிடித்தன. 1999-இல் செவ்வாய்க்கு ஒரு மைக்குடன் போன மார்ஸ் போலார் லேண்டர் தொலைந்தது. செவ்வாயின் ஒலி ஒரு மைக் வழியாக நமக்குக் கிடைக்க 2021-இல் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் தூரத்தில் ஹைகன்ஸை எதுவும் இன்னும் மிஞ்சவில்லை.

36 ஹெர்ட்ஸ் ஒலி டைட்டனின் அடியில் கடல் இருப்பதைக் காட்டியது என்று படித்தேன். சரியா?

36 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு அலை பதிவானது உண்மை. அது ஒலி அல்ல, மின்புல அலை. தரைக்குக் கீழே உப்புக் கடல் இருந்து அது அலையைத் திருப்பி அனுப்பியிருக்கலாம் என்று ஒரு குழு விளக்கியது. கலத்தின் நீட்டுக்கம்பிகள் அதிர்ந்ததால் வந்த பதிவாக இருக்கலாம் என்று 2020-இல் வேறு ஆய்வாளர்கள் சொன்னார்கள். கடலுக்கு வேறு வகைச் சான்றுகளும் பேசப்படுகின்றன, ஆனால் இந்த ஒன்றை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம்.

மறுபடி யாராவது போகிறார்களா?

நாசாவின் டிராகன்ஃபிளை. 8 சுழலிகள் கொண்ட, சிறிய கார் அளவு பறக்கும் கலம்; 2028 ஜூலையில் கிளம்பி 2034-இல் சேர்வதாகத் திட்டம். அடர்ந்த காற்று, குறைந்த ஈர்ப்பு, பறக்க இதைவிட வசதியான இடம் இல்லை. அதில் நில அதிர்வுமானி போகிறது, அதனால் இம்முறை தரைக்குள்ளும் கேட்கலாம். சனியின் இழுப்பில் டைட்டனின் பனி ஓடு 16 நாளுக்கு ஒருமுறை இறுகித் தளர்கிறது, அது முறுக்கிக்கொள்ளும்போது நடுங்குகிறதா என்பது தெரியவரும்.

ஹைகன்ஸ் இப்போது எங்கே?

இறங்கிய இடத்தில்தான். அந்த இடத்துக்கு ஐரோப்பிய விண்வெளித் துறையின் முன்னோடி ஹூபெர் க்யூரியனின் பெயரை வைத்திருக்கிறார்கள். மின்கலம் தீர்ந்து, கூழாங்கற்களுக்கு நடுவில், அதே −179 டிகிரியில் கிடக்கிறது. டிராகன்ஃபிளை இறங்கப் போவது செல்க் பள்ளத்தின் பக்கம், அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி. இரண்டும் சந்திக்க வாய்ப்பில்லை.